வழி தவறியவள் யார்? – வெர்டியின் 'லா ட்ராவியாட்டா'

(முன்னாள் மாணவர் சங்கக் கூடல் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போனில் கூப்பிட்டு, "தம்பி, அரை மணி நேரம் பேசணும். ஆனா டெக்னிக்கல் வேண்டாம்ப்பா, அதை எல்லாருமே பேசுறாங்க" என்றார். "அப்படியானால் இத்தாலிய ஓபரா பற்றிப் பேசட்டுமா சார்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "சரி, பேசு, பார்ப்போம்" என்றார். அந்தத் தைரியத்தில்தான் இங்கே நிற்கிறேன்.

மெக்கானிக்கல் படித்தவனுக்கு ஓபராவோடு என்ன சம்பந்தம் என்று நீங்கள் நினைக்கலாம். வேலை நிமித்தமாக இரண்டு வருஷம் வட இத்தாலியில் பாதுவா நகரத்துக்குப் பக்கத்தில் இருந்தேன். அங்கிருந்து வெனிஸ் அரை மணி நேர ரயில் பயணம். எங்கள் தொழிற்சாலையில் ஒரு வயதான ஃபிட்டர் இருந்தார். ரென்ச்சைக் கையில் எடுத்தால் வாயில் ஒரு மெட்டு வந்துவிடும். "அது என்ன பாட்டு?" என்று ஒரு நாள் கேட்டேன். "ட்ராவியாட்டா கேட்டதில்லையா? டிக்கெட் வாங்கிப் போ. முதல் அங்கத்துக்கு லேட்டானாலும் பரவாயில்லை, இரண்டாவதை மட்டும் விட்டுவிடாதே" என்றார். அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பதைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

கதை

ஓபரா என்பது முழுக்கப் பாட்டாகவே நடக்கும் நாடகம். 1600-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரத்தில் பிறந்த கலை. அதில் பேச்சும் பாட்டு, சண்டையும் பாட்டு, சாவும் பாட்டு. 'லா ட்ராவியாட்டா' என்றால் 'வழி தவறியவள்' என்று பொருள். இசை ஜியூஸெப்பே வெர்டி. வசனப் பாடல்கள் ஃபிரான்செஸ்கோ மரியா பியாவே. முதல் அரங்கேற்றம் 1853 மார்ச் 6, வெனிஸ் நகரத்தின் லா ஃபெனிச்சே அரங்கம்.

கதை சின்னது. பாரிஸ் நகரத்தில் வயலெட்டா என்று ஒரு பெண். பணக்காரர்களின் தயவில் ஆடம்பரமாக வாழ்கிறவள். அவளுக்குக் காசநோய். ஆல்ஃப்ரெடோ என்ற நல்ல குடும்பத்துப் பையன் அவளை மனசார நேசிக்கிறான். அவள் தன் பழைய வாழ்க்கையைத் தூக்கி எறிந்துவிட்டு அவனோடு ஊருக்கு வெளியே ஒரு வீட்டில் குடியிருக்கிறாள். வீட்டுச் செலவுக்கு அவளே தன் பொருட்களை ஒவ்வொன்றாக விற்கிறாள். அது அவனுக்குத் தெரியாது.

ஒரு நாள் அவன் இல்லாத நேரத்தில் அவனுடைய அப்பா ஜெர்மோன் வருகிறார். "எனக்கு ஒரு மகளும் இருக்கிறாள். அண்ணன் உன்னோடு வாழ்வதால் அவளுக்கு நிச்சயமான கல்யாணம் நின்றுபோகும். என் மகனை விட்டுவிடு" என்று கேட்கிறார். அவளும் விட்டுக் கொடுக்கிறாள். காரணத்தைச் சொல்லாமல் ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டுப் பழைய வாழ்க்கைக்கே திரும்புகிறாள். தன்னை ஏமாற்றிவிட்டாள் என்று நினைத்த ஆல்ஃப்ரெடோ, ஒரு விருந்தில் ஊரறிய அவள்மேல் பணத்தை வீசி எறிந்து அவமானப்படுத்துகிறான். மூன்றாம் அங்கத்தில் அவள் சாகக் கிடக்கிறாள். கையில் மிச்சம் இருபது பொற்காசு. அதிலும் பத்தை ஏழைகளுக்குக் கொடுக்கச் சொல்கிறாள். உண்மை தெரிந்து மகனும் வருகிறான், அப்பாவும் வருகிறார். அதற்குள் காலம் கடந்துவிட்டது.

இவ்வளவுதான் கதை. "இதைத்தான் நூறு படத்தில் பார்த்துவிட்டோமே" என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுப்பது காதில் விழுகிறது! கொஞ்சம் பொறுங்கள்.

கதைக்குப் பின்னால் இரண்டு பெண்கள்

வயலெட்டா முழுக்கக் கற்பனை அல்ல. 1824-ல் பிரான்சின் நார்மண்டி பகுதியில் ஓர் ஏழைக் குடும்பத்தில் அல்ஃபோன்ஸின் என்று ஒரு பெண் பிறந்தாள். பிழைப்பைத் தேடிச் சிறு வயதிலேயே பாரிஸ் வந்தவள். பிற்பாடு மரீ துப்ளெஸி என்று பெயரை மாற்றிக்கொண்டு, பிரபுக்கள் சுற்றி வரும் அழகியாக ஆனாள். 1847 பிப்ரவரியில், 23 வயதில், காசநோயால் இறந்தாள். அவளோடு சுமார் ஒரு வருஷம் பழகியவர் அலெக்சாந்தர் டூமா. 'மூன்று துப்பாக்கி வீரர்கள்' எழுதிய டூமாவின் மகன், அதே பெயர்க்காரர். அவரே திருமணமாகாத தாய்க்குப் பிறந்தவர். அம்மா தையல் வேலை பார்த்தவர். அவள் இறந்த மறு வருஷம், 1848-ல், டூமா அந்த வாழ்க்கையை நாவலாக எழுதினார். அதுவே நாடகமாகி 1852 பிப்ரவரி 2-ஆம் தேதி பாரிஸில் மேடையேறியது. அந்தச் சமயம் வெர்டியும் பாரிஸில்தான் இருந்தார்.

இரண்டாவது பெண் வெர்டியின் வீட்டிலேயே இருந்தார். 1813-ல் பூசெத்தோ என்ற சிற்றூருக்குப் பக்கத்துக் கிராமத்தில், ஒரு சத்திரக்காரரின் மகனாகப் பிறந்தவர் வெர்டி. பையனுக்கு இசை வருகிறது என்று கண்டுகொண்டு படிக்க வைத்தவர் பரேஸி என்ற வியாபாரி. அவருடைய மகள் மார்கரீத்தாவைத்தான் வெர்டி 1836-ல் மணந்தார். 1838-ல் மகள், 1839-ல் மகன், 1840-ல் மனைவி என்று மூன்று வருஷத்துக்குள் மூன்று சாவு. அந்தத் துக்கத்தின் நடுவே, ஒப்பந்தப்படி ஒரு நகைச்சுவை ஓபராவுக்கு இசையமைத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. அது படுதோல்வி அடைந்தது.

அந்தக் காலத்தில் அவருக்குத் துணை நின்றவர் ஜியூஸெப்பினா ஸ்த்ரெப்போனி என்ற பாடகி. 1842-ல் வெர்டிக்குப் பெயர் வாங்கித் தந்த 'நபுக்கோ'வில் பாடியவர். திருமணம் ஆகாமலே குழந்தைகள் பெற்றவர். நாடகக்காரி வேறு. வெர்டி அவரோடு சேர்ந்து வாழ்ந்தார். 1849-ல் சொந்த ஊரான பூசெத்தோவுக்கே அழைத்து வந்தார். ஊர் என்ன செய்திருக்கும், நான் சொல்லவா வேண்டும்? கோயிலிலும் தெருவிலும் அந்த அம்மாவோடு யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. வளர்த்துவிட்ட மாமனார் பரேஸிக்கும் மனத்தாங்கல். 1852 ஜனவரியில் வெர்டி அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். அதன் சாரம் இதுதான்: என் வீட்டில் ஒரு பெண்மணி இருக்கிறார். அவர் சுதந்திரமானவர். நாங்கள் எப்படி வாழ்கிறோம் என்று யாருக்கும் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர்கள் அல்ல. என் வீட்டில் எனக்குள்ள மரியாதை, அதற்கும் மேலான மரியாதை, அவருக்கு உண்டு.

அந்தக் கடிதம் எழுதி இரண்டு வாரத்துக்குள் பாரிஸில் டூமாவின் நாடகம் மேடையேறுகிறது. மறு வருஷம் 'ட்ராவியாட்டா' வருகிறது. வெர்டியும் ஸ்த்ரெப்போனியும் முறைப்படி மணந்துகொண்டது 1859-ல்தான். வயலெட்டாதான் ஸ்த்ரெப்போனி என்று வெர்டி எங்கும் சொன்னதில்லை. ஆனால் ஊர் வாயில் விழுந்த ஒரு பெண்ணோடு ஒரே கூரையின் கீழ் இருந்தவர் எழுதிய இசை இது. அந்த அனுபவம் இல்லாதவருக்கு இது வந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

முதல் இரவு – தோல்வி

இனி நம் எஞ்சினியர்களுக்குப் பிடித்த பகுதி: ஃபெயிலியர் அனாலிஸிஸ்!

முதல் இரவில் 'ட்ராவியாட்டா' விழுந்தது. முதல் அங்கத்துக்குக் கைதட்டல் இருந்தது. அடுத்த அங்கங்களில் எல்லாம் போயிற்று. வயலெட்டாவாகப் பாடியவர் ஃபான்னி சால்வினி-டொனாத்தெல்லி. நன்றாகவே பாடினார். ஆனால் வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது, உடம்பும் கனம். காசநோயில் உருகிச் சாகும் பெண் என்று டாக்டர் சொன்னபோது சபையில் சிரிப்பு எழுந்ததாகச் சொல்வார்கள். காதலனாகப் பாடியவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. அப்பாவாகப் பாடிய ஃபெலிச்சே வரேஸி ஒரு காலத்தில் பெரிய பாடகர். அப்போது குரல் இறங்கிக்கொண்டிருந்த நேரம்.

இன்னொரு காரணமும் உண்டு. சமகாலத்து உடுப்பில், நம் காலத்துக் கதையாகவே நடக்க வேண்டும் என்று வெர்டி கேட்டிருந்தார். தணிக்கையும் அரங்க நிர்வாகமும் ஒத்துக்கொள்ளவில்லை. கதையை 150 வருஷம் பின்னால் தள்ளி, 1700-ஆம் ஆண்டு வாக்கில் நடப்பதாக மாற்றிவிட்டார்கள். மேடையில் நடப்பது தங்கள் வீட்டுக் கதை என்று சபையோருக்கு உறைத்துவிடக் கூடாதல்லவா?

மறுநாள் காலை வெர்டி நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களில் புலம்பல் இல்லை. நேற்று தோல்வி, குற்றம் என்னுடையதா, பாடகர்களுடையதா என்பதைக் காலம் சொல்லும் என்ற அளவில் நிறுத்திக்கொண்டார். பிறகு ஒரு நல்ல காரியம் செய்தார். ஏற்ற பாடகர்கள் கிடைக்கும்வரை அதை வேறெங்கும் போட விடவில்லை. இரண்டாம், மூன்றாம் அங்கங்களில் ஐந்து பகுதிகளைத் திருத்தினார். அவற்றில் முக்கியமானது, அந்த அப்பா வந்து பேசும் காட்சி. கதையின் அடிப்படையை மட்டும் அவர் தொடவே இல்லை. 1854 மே 6-ஆம் தேதி, அதே வெனிஸில், சான் பெனதெத்தோ என்ற வேறோர் அரங்கத்தில், மரியா ஸ்பேசியா என்ற இளம் பாடகியோடு மறுபடி மேடையேற்றினார்கள். அமோக வெற்றி. ஊர் அதேதான், இசையும் பெரும்பாலும் அதேதான்.

டிசைன் தப்பா, டெஸ்ட் பண்ணின விதம் தப்பா என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்று நம் டிபார்ட்மெண்டில் சொல்லிக் கொடுத்தார்களே, அதை 1853-லேயே ஒரு இசைக்காரர் செய்திருக்கிறார். தம்பிகளே, உங்கள் ப்ராஜெக்ட் முதல் ரெவியூவில் அடி வாங்கினால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்த இரண்டாம் அங்கம்

இப்போது ஃபிட்டர் பெரியவர் சொன்ன இடத்துக்கு வருகிறேன்.

வயலெட்டாவும் ஜெர்மோனும் பேசும் அந்தக் காட்சி ஏறக்குறைய கால் மணி நேரம் ஓடும். இது காதல் பாட்டு அல்ல. ஒரு நடுத்தர வயது அப்பாவும், அவருக்கு முன்பின் தெரியாத ஒரு பெண்ணும் ஓர் அறைக்குள் பேசிக்கொள்வது. அவர் விறைப்பாக நுழைகிறார். அவள், "நான் ஒரு பெண், இது என் வீடு" என்று நிமிர்ந்து நிற்கிறாள். அவர் தடுமாறிப் போகிறார். தன் சொத்தை விற்று அவருடைய மகனைக் காப்பாற்றி வருகிறாள் என்பதற்குக் கணக்குக் காகிதத்தைக் காட்டுகிறாள். இவள் நல்லவள் என்று அந்த நிமிஷமே அவருக்குத் தெரிந்துவிடுகிறது. தெரிந்த பிறகும் கேட்கிறார். அதுதான் இந்தக் காட்சியின் பயங்கரம்.

அவர் வில்லன் அல்ல. கத்துவதில்லை, மிரட்டுவதில்லை. மகளின் கல்யாணத்தைப் பற்றி அழகான, மென்மையான ஒரு மெட்டில் பாடுகிறார். "கொஞ்ச நாள் பிரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதானே?" என்கிறாள் அவள். "இல்லையம்மா, நிரந்தரமாக" என்கிறார். அவள் துடிக்கும்போது இசையும் மூச்சு வாங்குகிறது. சின்னச் சின்னச் சொல்லாக, இடையிடையே நின்று நின்று வருகிறது. அவர் விடவில்லை. அழகு போனபின் அவனுக்கு உன்னிடம் என்ன இருக்கும், தேவாலயத்தில் தாலி கட்டிய உறவா உங்களுடையது என்கிற மாதிரி நியாயத்தை ஒவ்வொன்றாக அடுக்குகிறார். கடைசியில் அவள் குரல் அடங்கிப் போய், மிக மெதுவான ஒரு மெட்டில் சம்மதம் சொல்கிறாள். முகம் தெரியாத அந்தத் தங்கைக்கு ஒரு செய்தியும் சொல்லி அனுப்புகிறாள்: உனக்காக ஒருத்தி, தனக்கிருந்த ஒரே வெளிச்சத்தை அணைத்துக்கொண்டாள் என்று. பிறகு, "என்னை உங்கள் மகளாக நினைத்து ஒரு முறை அணைத்துக்கொள்ளுங்கள்; அப்போதுதான் எனக்குத் தெம்பு வரும்" என்று கேட்கிறாள். அவரும் அழுகிறார். அழுதுகொண்டே, தான் வந்த காரியத்தை முடித்துக்கொண்டு போகிறார்.

நான் பார்த்த இரவில் பக்கத்து இருக்கையில் ஒரு பாட்டி. வயலெட்டா சாகும் இடத்தில் அவர் அழவில்லை. இந்த இடத்தில்தான் கைக்குட்டையை எடுத்தார்.

நண்பர்களே, "உன் தங்கச்சி கல்யாணம் என்னாகும்னு யோசிச்சியாடா?" என்ற வாக்கியம் இந்த அரங்கில் எத்தனை பேருக்குப் புதுசு? கையைத் தூக்கச் சொல்லிக் கேட்கவில்லை. எங்கள் பேட்ச்சில் ஒருவன் இருந்தான். பெயர் வேண்டாம். கடைசி செமஸ்டரில் ஊரிலிருந்து அவன் அப்பா வந்தார். நல்ல மனிதர். ஹாஸ்டல் மெஸ்ஸில் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டு, எல்லோரையும் பெயர் சொல்லி விசாரித்தார். மறுநாள் மகனை மட்டும் தனியாகக் கூப்பிட்டு இரண்டு மணி நேரம் பேசினார். அதோடு அவன் காதல் முடிந்தது. தங்கை கல்யாணம் நன்றாக நடந்தது. நாங்களெல்லாம் போய்ப் பந்தி பரிமாறினோம். 'குடும்பத்துக்காக விட்டுக் கொடுத்தான்டா' என்று அவனைப் பற்றி இன்றைக்கும் பேச்சு வரும். அந்தப் பெண் என்ன ஆனாள் என்பது எங்கள் பேட்ச்சில் ஒருவருக்கும் தெரியாது.

வெர்டி செய்தது அதுதான். அந்தப் பெண்ணின் வீட்டுக்குள் நம்மைக் கூட்டிப் போய் உட்கார வைத்தார். விட்டுக்கொடுத்த பையனைப் பற்றியும், காப்பாற்றப்பட்ட குடும்பத்தைப் பற்றியும் கதை சொல்ல ஆட்கள் எப்போதும் உண்டு. யாருடைய செலவில் அந்த மானம் காப்பாற்றப்பட்டது என்று கேட்டு, அவளுக்கே மிகச் சிறந்த இசையைக் கொடுத்ததுதான் இந்த ஓபராவின் உயிர்.

தலைப்பைக் கவனியுங்கள். 'வழி தவறியவள்' என்ற அந்தச் சொல்லை மூன்றாம் அங்கத்தில், கடவுளிடம் மன்னிப்புக் கேட்கும்போது, அவளே தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்கிறாள். ஆனால் முடிவில் ஜெர்மோன் வந்து நின்று, முன்யோசனை இல்லாத கிழவன் நான், நான் செய்த தீங்கு இப்போதுதான் எனக்குத் தெரிகிறது என்கிறார். வழி தவறியது யார் என்ற கேள்விக்கு ஒருவர் நேராகவே பதில் சொல்லிவிட்டார். 1856-ல் லண்டனில் இது மேடையேறியபோது ஒழுக்கக்கேடு என்று பத்திரிகைகளும் மதப் பெரியவர்களும் திட்டினார்கள். கூட்டம் மட்டும் குறையவே இல்லை.

மைக் இல்லாத குரலும் எரிந்துபோன அரங்கமும்

செயலாளர் டெக்னிக்கல் வேண்டாம் என்றார். ஐந்து நிமிஷம் மட்டும் அவர் மன்னிக்க வேண்டும்.

ஓபராவில் மைக் கிடையாது. முழு வாத்தியக் குழுவைத் தாண்டி ஒரே ஒரு குரல் கடைசி வரிசைக்குக் கேட்கிறது. எப்படி? வாத்தியக் குழுவின் ஒலிச்சக்தி 500 ஹெர்ட்ஸ் பக்கத்தில் அதிகம். மேலே போகப் போகக் குறைகிறது. பயிற்சி பெற்ற ஆண் பாடகர்கள் தொண்டையை அமைத்துக்கொள்ளும் விதத்தால் அவர்கள் குரலில் 3000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மேடு உண்டாகிறது. நம் காது கூர்மையாகக் கேட்கும் பகுதியும் அதுதான். ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் யோஹான் சுண்ட்பெர்க் இதை அளந்து விளக்கினார். பெண்களின் உச்சக் குரலுக்கு வேறு வழி: சுருதி ஏற ஏறத் தாடையைத் திறந்து, வாயின் ஒத்ததிர்வைப் பாடும் சுருதியோடு பொருத்திக்கொள்கிறார்கள். சத்தம் போட்டு ஜெயிப்பதில்லை, காலியாக இருக்கும் அலைவரிசையைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

மீதி வேலையை அரங்கம் செய்கிறது. லா ஃபெனிச்சே 1792-ல் திறந்தது. 'ஃபெனிச்சே' என்றால் சாம்பலிலிருந்து எழும் ஃபீனிக்ஸ் பறவை. பெயர்ப் பொருத்தம் பாருங்கள்: 1836-ல் எரிந்தது, ஒரே வருஷத்தில் மறுபடி கட்டினார்கள். 1996 ஜனவரி 29 இரவு மறுபடி எரிந்தது. இரண்டாவது தீ விபத்து அல்ல. உள்ளே வயரிங் வேலை எடுத்த எலெக்ட்ரீஷியன்கள் இருவர், வேலை தாமதமானதால் கட்ட வேண்டிய அபராதத்துக்குப் பயந்து தீ வைத்தார்கள் என்று 2001-ல் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பெனால்ட்டி கிளாஸுக்குப் பயந்து 159 வருஷத்துக் கட்டடம் போயிற்று! பக்கத்துக் கால்வாயைத் தூர் வாருவதற்காகத் தண்ணீர் வற்ற வைத்திருந்த சமயம் வேறு. தண்ணீரிலேயே மிதக்கும் ஊரில் தீயணைக்கத் தண்ணீருக்கு அலைந்தார்கள்.

'இருந்த இடத்திலேயே, இருந்தபடியே' கட்டுவது என்று முடிவானது. வரைபடம் ஆல்டோ ரோஸி என்ற கட்டடக் கலைஞருடையது. அவர் 1997-ல் காலமாகிவிட்டார். பழைய அலங்காரங்களை மீட்க 19-ஆம் நூற்றாண்டுப் புகைப்படங்களையும், 1954-ல் விஸ்கோந்தி எடுத்த 'சென்ஸோ' என்ற படத்தின் முதல் காட்சியையும் பயன்படுத்தினார்கள். அந்தக் காட்சி இதே அரங்கத்தில் எடுக்கப்பட்டது. தீக்குச் சற்று முன்புதான் ஒலியியல் ஆராய்ச்சியாளர்கள் அந்த அரங்கத்தின் எதிரொலித் தன்மையை அளந்து பதிவு செய்திருந்தார்கள். அரங்கம் எரிந்தாலும் அதன் சத்தம் எப்படி இருந்தது என்ற டேட்டா மிஞ்சியது. எந்த அளவீடு என்றைக்கு உதவும் என்று சொல்ல முடியாது. லேப் ரெக்கார்டை ஒழுங்காக எழுதுங்கள் என்று நம் சார் சொன்னதன் அர்த்தம் இதுதான்.

2003 டிசம்பரில் அரங்கம் திறந்தது. 2004 நவம்பரில் அங்கே மேடையேறிய முதல் ஓபரா எது தெரியுமா? 1853-ல் அதே இடத்தில் விழுந்த 'ட்ராவியாட்டா'. இயக்கியவர் ராபர்ட் கார்சன். அதைத்தான் பிற்பாடு நான் பார்த்தேன். உடுப்பெல்லாம் நம் காலத்து உடுப்பு. வெர்டி கேட்டது ஒரு வழியாகக் கிடைத்துவிட்டது. இரண்டாம் அங்கத்தில் தோட்டத்து மரங்களிலிருந்து இலைகளுக்குப் பதில் பச்சைப் பச்சையாகப் பணநோட்டுகள் உதிர்ந்துகொண்டே இருக்கின்றன. அந்தக் குவியலின் நடுவே நின்றுதான் ஜெர்மோன் குடும்ப மானத்தைப் பற்றிப் பாடுகிறார்.

ஏன் இன்னும் நிற்கிறது?

இந்தக் கதையின் நோயை மருத்துவம் வென்றுவிட்டது. 1882-ல் ராபர்ட் காக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்தார். 1943-ல் ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது. 1956-ல் தொடங்கிய மதராஸ் ஆராய்ச்சி, சானடோரியத்தில் படுக்காமல் வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டுக் குணமாகலாம் என்று உலகத்துக்கே காட்டியது. இன்றைய வயலெட்டா ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டு எழுந்துவிடுவாள். பாரிஸின் அந்தப் பிரபுக்களும் இல்லை, அந்த விருந்துகளும் இல்லை. ஆனாலும் உலகத்திலேயே மிக அதிகமாக மேடையேறும் ஓபராக்களில் ஒன்று இதுதான். நியூயார்க் மெட்ரோபாலிடன் அரங்கில் மட்டும் ஆயிரம் தடவைக்கு மேல் நடந்திருக்கிறது. 1990-ல் வந்த 'ப்ரெட்டி வுமன்' படத்தில் ஜூலியா ராபர்ட்ஸ் ஓபராவுக்குப் போய்க் கண் கலங்குவாரே, அதுவும் இதேதான்.

நோய்தான் இதன் விஷயம் என்றால் மருந்து வந்த அன்றே இது பழசாகியிருக்கும். ஒரு நல்ல மனிதர், நல்ல காரணத்துக்காக, தன்னைவிட எளியவளிடம் போய் அவளுடைய வாழ்க்கையைக் கேட்டு வாங்கிக்கொண்டு வருகிறார். அதற்கு இன்னும் மருந்து கண்டுபிடிக்கவில்லை.

கேட்க விரும்புகிற தம்பி தங்கைகளுக்கு இரண்டு வார்த்தை. பாஷை புரியவில்லையே என்று பயப்படாதீர்கள். எழுத்து ஓடும் வீடியோக்கள் நிறைய உண்டு. ஸெஃபிரெல்லி 1980-களில் இதைத் திரைப்படமாகவே எடுத்திருக்கிறார். தெரேசா ஸ்ட்ராட்டஸ், பிளாசிடோ டொமிங்கோ பாடியது. முதலில் தொடக்க இசையைக் கேளுங்கள். வயலின்கள் மட்டும் மிக மெலிசாக, உச்சத்தில் தொடங்கும். அது சாவுப் படுக்கையின் இசை. கதையின் முடிவைத்தான் வெர்டி முதலில் கேட்க வைக்கிறார். அடுத்து வரும் மெட்டை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் அங்கத்தில், பிரியப் போகிறாள் என்று அவனுக்குத் தெரியாத நேரத்தில், "என்னை நேசி" என்று அவள் கதறும்போது அதே மெட்டு முழு வாத்தியத்தோடு வெடிக்கும். ஒரு நிமிஷம்கூட இருக்காது. அதற்காகவே மொத்த ஓபராவையும் கேட்கலாம்.

இங்கே உட்கார்ந்திருக்கும் அண்ணன்மார் பலருக்கு இன்று கல்யாண வயதில் பிள்ளைகள் இருக்கிறார்கள். இன்னும் சில வருஷத்தில் எனக்கும் அந்த வயது வரும். ஜெர்மோனின் நாற்காலியில் நாமும் ஒரு நாள் உட்கார நேரலாம். அப்படி ஒரு நாள் வந்தால், நம் வீட்டுப் பிள்ளையின் முகத்தை மட்டும் பார்க்காமல் எதிரே நிற்கிற முகத்தையும் ஒரு நிமிஷம் பாருங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். ஜெர்மோனுக்கு அது மூன்றாம் அங்கத்தில்தான் தெரிந்தது. நமக்கு இரண்டாம் அங்கத்திலேயே தெரிந்தால் நல்லது.